தாப்போலாவில் யார் தாப்போலா

துர்க்கு, 6 மார்ச் 1921

அன்புள்ள லெம்பி அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் பசுக்களும் நலமா? நீ அனுப்பிய ரை ரொட்டி கல்லாக வந்து சேர்ந்தது. சூப்பில் ஊறப்போட்டுத் தின்கிறேன்.

போன ஞாயிறு சிக்ரிட்டின் அம்மா என்னைக் காபிக்கு அழைத்திருந்தார். அந்த வீட்டில் எல்லாம் ஸ்வீடிஷ் பேச்சுதான். "நீங்க எந்த தாப்போலா?" என்று கேட்டார். பெண் கொடுக்கிறவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்! உருளைக்கிழங்கு போடுகிற தாப்போலா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மறுநாளே ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார்ந்தேன். ஸ்வீடன் ராஜா காலத்து நிலவரிப் புத்தகத்தில், நம் தாப்போலா பண்ணைக்கு நேரே ஒரு பிரபுவின் பெயர் இருக்கிறது, அக்கா! குதிரைப்படைத் தலைவர் யோஹான். கேடயமும் முத்திரையும் உள்ள குடும்பம். அவருக்குப் பிறகு வருகிறவர் யூஹோ தாப்போலா. யோஹான்தானே நம் வாயில் யூஹோ? அப்பன் பெயர் மகனுக்கு, வேறென்ன!

இனி விஷயத்துக்கு வருகிறேன். புதுச் சட்டப்படி எல்லோரும் ஒரு குடும்பப் பெயரை நிலையாகப் பதிந்தாக வேண்டும் அல்லவா? அத்தான் மனம் கோணாமல் நீதான் சொல்ல வேண்டும். அவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். பிறந்த வீட்டுப் பெயரான மில்லிமாகி என்றே பதியட்டும். தாப்போலா ரத்தவழிக்கு இருக்கட்டும். சிக்ரிட்டின் அப்பா ஆள் அனுப்பி விசாரித்தால், ஊரில் இன்னொரு தாப்போலா நிற்பது குழப்பம்.

உன் தம்பி,
நெஸ்தோரி தாப்போலா


தாப்போலா, 14 மார்ச்

அன்புத் தம்பி நெஸ்தோரிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். புரிந்த மாதிரியும் இருக்கிறது, புரியாத மாதிரியும் இருக்கிறது. அத்தான் சாணம் அள்ளிவிட்டு வந்ததும் வாசித்துக் காட்டினேன். பூட்ஸைக் கழற்றாமல் வாசல்படியிலேயே நின்று கேட்டார்.

"கல்யாணத்தன்னிக்கு உங்கப்பாதான சொன்னாரு, 'இன்னையிலேருந்து நீ தாப்போலா விஹ்தோரி'ன்னு? நானா வந்து கேட்டேன்? ரத்தமாம்ல ரத்தம்! வயல்ல பாறை பேர்க்கும்போது என் வெரலு நசுங்கிக் கொட்டுச்சே, அது என்ன பீட்ரூட் சாறா?"

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. சவுனாவில் நீராவிக் குளியலுக்குக்கூடத் தனியாகப் போகிறார்.

எனக்குத் தலை சுற்றுகிறது. நான் ரத்தவழி என்றால் என் பிள்ளைகள் யார்? இடுப்புக்கு மேலே தாப்போலா, கீழே மில்லிமாகியா? நம் தாத்தா எந்த வீட்டிலிருந்து இங்கே வந்தார் என்று நாம் கேட்டதே இல்லையே. ஈஸ்டர் கழிந்ததும் பெயர் எழுத வரச் சொல்லியிருக்கிறார் பாதிரியார். நீ நிச்சயமாகத்தான் சொல்கிறாயா? உன் கல்யாணம் என்னால் கெட்டது என்று வரக் கூடாது. ஆனால் இவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

உன் அக்கா,
லெம்பி தாப்போலா


துர்க்கு, 23 மார்ச்

அக்கா,

அவசரம். சிக்ரிட்டின் அப்பா மறுபடியும் கேட்டார். நான் இங்கே தாப்போலா என்றே பதிந்துவிட்டேன். அத்தானும் தாமதிக்காமல் மில்லிமாகி என்று பதிந்துவிட்டால் புண்ணியமாகப் போகும். புத்தகத்தில் யூஹோக்கள் கொஞ்சம் குழப்புகிறார்கள். பஞ்சம் வந்த வருடத்தில் செத்த ஒரு யூஹோ அடுத்த வருடம் எழுந்து வரி கட்டுகிறான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நெஸ்தோரி


துர்க்கு, 10 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முட்டாள்தனம் செய்துவிட்டேன்.

குதிரைப்படைத் தலைவர் யோஹான் தாப்போலாவில் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. ராஜா, நம் வீட்டு வரியை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வெண்ணெயும் தானியமும் அவருக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயர் நமக்கு நேரே நிற்கிறது. அவர் நம் பாட்டன் இல்லை, அக்கா. நம் வெண்ணெயைத் தின்றவர்!

பஞ்சத்தில் செத்த யூஹோவுக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொண்டு வேறு ஊரிலிருந்து வந்தவன் பெயரும் யூஹோ. தேவாலயப் பதிவேட்டில், வீட்டுக்கு வந்த வருடமே அவன் பெயர் தாப்போலா. அவனுக்கும் மகள்தான், அங்கேயும் ஒரு மாப்பிள்ளை. நம் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். வாசல்படி ஏறி உள்ளே வந்தவனெல்லாம் தாப்போலா. இறங்கிப் போன மகன்கள் போன இடத்துப் பெயரில் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தாப்போலா அத்தான்தான். நான் யார் என்று எனக்கே தெரியவில்லை.

சிக்ரிட்டிடம் சொன்னேன். காபி சிந்தும்வரை சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. என்னவானாலும் ஆகட்டும். அத்தானிடம் எதுவும் பதிய வேண்டாம் என்று சொல். அவர் காலைப் பிடித்துக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி,
நெஸ்தோரி (பின்னால் என்ன போடுவதென்று தெரியவில்லை)


தாப்போலா, 18 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. ஈஸ்டர் கழிந்த வாரமே அத்தான் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். "மில்லிமாகின்னு எழுதுங்க சாமி. தாப்போலா எம் மச்சானுக்கு வேணுமாம்" என்றார். பிள்ளைகளுக்கும் அதுவே.

பாதிரியார் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நீ பொறந்த பேர்லயே இருந்துக்கலாமே?"

கொஞ்ச நேரம் எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது. பிறகு சொன்னேன்: "என்னை நம்பி என் வீட்டுக்கு வந்தாரு சாமி. நான் இவரு பேருக்குப் போகக் கூடாதா?"

அன்று ராத்திரி அவர் என்னோடு பேசினார்.

உன் கடிதத்தை வாசித்தபோது, வெண்ணெய் தின்ற பிரபுவை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு வெளியே போனவர், வெகு நேரம் விறகு பிளந்துகொண்டிருந்தார். எனக்கு உன் மேல் கோபம்தான், மறைக்க மாட்டேன்.

எழுதினது எழுதினதுதான். இப்போது தாப்போலாவில் தாப்போலா என்று யாரும் இல்லை, பூனையைத் தவிர. ஊரார் என்னவோ அவரைத் தாப்போலா என்றுதான் கூப்பிடுகிறார்கள், உன்னைத் துர்க்குக்காரன் என்கிறார்கள். நாக்குக்கு ஏது சட்டம்?

கோடையில் வைக்கோல் வாரும் காலத்தில் சிக்ரிட்டைக் கூட்டிக்கொண்டு வா. அவள் அப்பா சம்மதித்தாலும் சரி, சம்மதிக்காவிட்டாலும் சரி. கையில் ஆளுக்கொரு வாரி கொடுப்போம். வெண்ணெய் எடுத்து வைத்திருக்கிறேன், வரியாக இல்லை, நீ என் தம்பி என்பதால்.

புதுப் பெயர், இன்னும் கைக்கு வரவில்லை,
லெம்பி மில்லிமாகி