மழையில் மட்டும் மக்கர்

அக்டோபர் 13, திங்கள்

காலை மழையில், ஒரகடம் மேம்பால ஏற்றத்தில், கார் மறுபடியும் மூன்றாவது கியரிலேயே சிக்கிக்கொண்டது. ஆட்டோமேட்டிக் கார், தானே கியரை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றவில்லை. மஞ்சள் விளக்கு எரிகிறது, வண்டி முக்குகிறது, பின்னால் கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ரங்கநாத்துக்குச் சிரிப்பு. "பிரேக் மேலயே கால வெச்சுக்கிட்டு ஓட்டினா வண்டி என்ன பண்ணும் வசுதா?"

நான் அப்படி ஓட்டுவதில்லை.

அக்டோபர் 15, புதன்

சர்வீஸ் சென்டர் ஆள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கியர்பாக்ஸையே மாத்தணும் மேடம். சார்கிட்ட பேசிக்கிறேன்."

கார் என் பெயரில், என் சம்பளத்தில். பேச்சு மட்டும் சாரிடம்! சாரும் முடிவு கட்டிவிட்டார்: விற்றுவிடலாமாம், ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறாராம். "கம்பெனி பஸ் இருக்குல்ல?"

இருக்கு. அந்த பஸ்ஸுக்கு ஓடி ஓடி அலுத்துத்தானே காரே வாங்கினேன்? தரமாட்டேன். என்ன ஆனாலும் தரமாட்டேன்.

அக்டோபர் 16, வியாழன்

தொழிற்சாலையில் என் வேலையே குறை கண்டுபிடிப்பது. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான் — எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை?

வெயில் நாளில் ஒழுங்காக ஓடுகிறது. மழை பெய்தால்தான் மக்கர். தேய்ந்துபோன கியர்பாக்ஸ் வானத்தைப் பார்த்தா வேலை செய்யும்? எங்கேயோ ஈரம் போகிறது.

எப்போதிலிருந்து? ஆயுத பூஜைக்கு அப்புறம்தான்... அடக் கடவுளே.

அக்டோபர் 18, சனி

பிள்ளைப்பாக்கம் ஜோயல் ஒர்க்‌ஷாப். "கியர்பாக்ஸைத் தொடாதே. அதுக்குப் போற ஒயர் சாக்கெட்டை மட்டும் கழட்டு" என்றேன்.

கழற்றினான். உள்ளே பித்தளை முனைகளெல்லாம் பச்சை பூத்திருந்தன. ஓரத்தில் காய்ந்த சந்தனம்.

"இன்னாக்கா, இன்ஜினுக்கே அபிஷேகம் பண்ணிக்கீறீங்க?"

பண்ணியது நானா? ஆயுத பூஜையன்று பானெட்டைத் திறந்து, ஹோஸ் பைப்பை உள்ளே விட்டுக் கழுவி, சந்தனத் தண்ணீரைச் சொம்போடு ஊற்றி, "இப்பதான் பளபளன்னு இருக்கு" என்று பூரித்துப்போனது சார்.

ஜோயல் முனைகளைச் சுத்தம் செய்து புது சாக்கெட் போட்டுக் கொடுத்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

நல்லவேளை, கொட்டுகிற மழை. "பக்கத்துல உக்காருங்க" என்றேன். மேம்பால ஏற்றத்தில் இரண்டு, மூன்று, நான்கு என்று கியர் சிக்காமல் மாறியது. விளக்கு எரியவில்லை. பழைய சாக்கெட்டை ரங்கநாத் கையில் வைத்தேன். சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

பிறகு போனை எடுத்து, காரைப் பார்க்க வரவிருந்தவரை அழைத்தார். "சார், வராதீங்க... இல்ல, என்கிட்ட பேசி பிரயோஜனம் இல்ல. வண்டி மேடமோடது. அவங்க விக்கலையாம்."

பிரேக்கில் கால் படாமல் ஓட்டிக்கொண்டே அதைக் கேட்டேன்.