ஆறு சிடிக்கும் சந்தனப் பொட்டு

திருப்பூர்,
14.9.2004

அன்புள்ள தரணிக்கு,

அன்பும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள். ஆபீஸ் மெயிலை உன் மேனேஜர் படிப்பார் என்றாயே, அதனால் தபாலில் திட்டுகிறேன்.

லிங்கசாமி முதலாளி உனக்கு மாமாவாகவே இருக்கட்டும். அவர் பனியன் கம்பெனி சர்வரைப் பார்த்துக்கொள்கிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருக்கு நீ எப்படிக் கடிதம் போடலாம்? பாலிடெக்னிக்கில் ஒரே சிடியை வைத்துக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் போட்டுப் பழகியவர்கள் நாம். அதை இலவசமாகக் கொடுத்த கம்பெனி, இனிமேல் வருடச் சந்தா கட்டினால்தான் திருத்தம் தருவோம் என்றுவிட்டது. அவர்கள் சரக்கு, அவர்கள் இஷ்டம். நான் டெபியனுக்கு மாறுகிறேன். அதுவும் லினக்ஸ்தான், ஆனால் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, உலகமெங்கும் ஆட்கள் கூடிச் செய்வது. அந்தச் சந்தாவை விற்பது உன் வேலை என்பதற்காக நான் வாங்க வேண்டுமா?

முதலாளி கூப்பிட்டுக் கேட்டார்: "ஏங்கண்ணு, நாளைக்கு இது நின்னுபோச்சுன்னா நான் யாரைப் போயிக் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க" என்றேன். சிரித்துவிட்டார். ஆயுத பூஜை லீவுக்குள் மாற்றிக் காட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் சர்வர் உங்கள் ஆட்கள் கைக்குப் போகும், நான் பழையபடி பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டப் போக வேண்டும். அம்மா பனியன் செக்கிங்கில் கால் கடுக்க நின்று என்னைப் படிக்க வைத்தது அதற்கில்லை.

இன்னும் உன் தோழிதான்,
ஆஷா


சென்னை,
22.9.2004

ஏப்புள்ள ஆஷா,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. மாமா கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான்.

ஷிப்மென்ட் அன்றைக்கு சர்வரிலிருந்து பேக்கிங் லிஸ்ட் வராமல் லாரி நின்றால் யார் தலை உருளும்? கம்பெனி என்று ஒன்று இருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். ஊர் பேர் தெரியாத ஆட்களின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பாய்? வீறாப்பை விடு. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் நல்லதுக்கே எழுதும்,
தரணி


திருப்பூர்,
26.10.2004

அன்புள்ள தரணிக்கு,

கூத்தைக் கேள். மெஷின்கள் நிற்பது பூஜை லீவில்தான், சர்வரில் கைவைக்கவும் அப்போதுதான் முடியும். டெபியனில் மொத்தம் ஏழு சிடி. முதல் சிடி பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றிக்கொண்டிருந்தது. மற்ற ஆறையும் மேஜையில் பரப்பிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கட்டிங் மெஷின், கத்தரி, தராசு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்த மயிலாள் அக்கா, ஆறு சிடிக்கும் வைத்துவிட்டார். மின்னுகிற பக்கத்தில்! சந்தனம், நடுவில் குங்குமம்.

"எழுத்திருக்கற பக்கம் முதுகாட்ட இருந்துச்சு கண்ணு. பளபளன்னு இருக்கறதுதானே மூஞ்சி?"

கூட்டிப் பெருக்குகிற அவரை என்ன சொல்ல? பரப்பி வைத்தது நான். பனியன் வேஸ்ட்டை வைத்துத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் நறநறவென்று இழுத்ததில் இரண்டாவது சிடி கீறிப்போனது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

பிறகு பிரவுசிங் சென்டருக்கு ஓடி, லினக்ஸ்காரர்களின் மெயில் குழுவில் எழுதிப் போட்டேன். அரை மணி நேரத்தில் பதில்: "பொங்கலூர்ல இருக்கறனுங்க. எங்கிட்ட செட்டு இருக்குதுங்க. அட்ரஸ் சொல்லுங்க." தங்கவேலு என்று பெயர், கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் தீவன வாசம். பிடித்துக் கேட்க ஒரு சட்டை வேண்டும் என்றாயே, அது தானாகவே வண்டியோட்டி வந்தது தரணி!

திங்கட்கிழமை காலை ஷிப்டில் பேக்கிங் லிஸ்ட் சரசரவென்று வந்தது. முதலாளி மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் செல் நம்பரை சர்வர் ரூம் கதவில் எழுதச் சொன்னார்.

நீ தோற்றாய். ஒப்புக்கொண்டு பதில் போடு.

ஆஷா


சென்னை,
17.1.2005

ஆஷா,

தீபாவளி போய்ப் பொங்கலும் போய்விட்டது. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

மாமா கேட்டார் என்றது பொய். நானாகத்தான் எழுதினேன். எங்கள் சந்தாவை வாங்கினால் அந்தப் பெண் தேவைப்படமாட்டாள், அவள் சம்பளம் மிச்சம் என்றும் எழுதினேன். எதையாவது விற்றுக் காட்ட வேண்டிய அவதி எனக்கு. உனக்கு இது தெரிந்திருக்காது. தெரியாமல் நீ "அன்புள்ள" என்று எழுதுவதை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

தரணி


திருப்பூர்,
22.1.2005

தரணி,

உன் மாமாவுக்கு வருகிற கடிதங்களை ஃபைலில் போடுவது யார் என்று நினைத்தாய்? நான்தான். அந்த வரியைச் செப்டம்பரிலேயே படித்துவிட்டேன். வயிறு எரிந்தது. எரிந்துகொண்டேதான் "அன்புள்ள" என்று எழுதினேன். நீயாகச் சொல்கிறாயா பார்க்கலாம் என்றிருந்தேன். சொல்லிவிட்டாய்.

மன்னித்தேன் என்று எழுதக் கை வரவில்லை. மாமாவுக்கு நீ எழுதிய அந்தக் கடிதத்தைக் கிழிக்கவும் மாட்டேன், ஃபைலிலேயே கிடக்கட்டும். தேவைப்படாத அந்தப் பெண், இந்த மாதம் இன்னும் இரண்டு கம்பெனிகளுக்கு டெபியன் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

சந்தா கட்ட முடியாதவர்கள் உன்னிடம் வந்து, நின்றுபோனால் யாரைக் கேட்பது என்பார்கள். என் நம்பரைக் கொடு. உனக்கு ஏதாவது நின்றுபோனால் நீயும் கேட்கலாம். மாமாவுக்குக் கடிதம் போடாதே. என்னைக் கேள்.

இப்படிக்கு,
அந்தப் பெண்
ஆஷா