பதினொரு நொடி வீடியோ

அன்பு பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அப்பாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே. உன் அத்தை மகளுக்குப் பெண் பிறந்திருக்கிறது, ஒரு வார்த்தை பேசிவிடு, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

போன வாரம் நீ அனுப்பிய செய்திக்கு நான் பதில் போடவில்லை. "ஏம்மா இப்படிக் கத்தினே? என் ஆபீஸ்ல இருக்கறவங்களே அந்த வீடியோவ எனக்கு அனுப்பறாங்க, மானம் போகுது" என்று எழுதியிருந்தாய். ஊர் கேட்டதைத் தாங்கிக்கொண்டேன், நீ கேட்டதுதான் தைத்துவிட்டது. போனில் சொன்னால் அழுவேன், அழுதால் நீ பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

எங்கள் பள்ளியில் இருபது பேருக்குக் கட்டிய ஆய்வகத்தில் அன்றைக்கு நாற்பத்திரண்டு பிள்ளைகள். கூடமாட நிற்க வேண்டிய உதவியாளர் பணி ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது, அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. தண்ணீரில்தான் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும், அமிலத்தில் தண்ணீரை விட்டால் கொதித்து முகத்தில் தெறிக்கும் என்று சொல்லிவிட்டு அதை எழுதிப் போடக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அரை நிமிஷம் இருக்காது. திரும்பிப் பார்த்தால் முன்வரிசைப் பெண் ஒருத்தி, வகுப்பிலேயே அதிகம் கேள்வி கேட்கிறவள், அமிலக் குவளைக்கு நேர் மேலே தண்ணீர்க் குவளையைச் சாய்க்கிறாள். பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். "அறிவிருக்கா உனக்கு" என்று கத்தினேன். ஆமாம், கத்தத்தான் செய்தேன். பின்வரிசையில் யாரோ போனில் எடுத்த பதினொரு நொடியில் என் வாய் இருக்கிறது, என் கை இருக்கிறது, அவள் அழுகை இருக்கிறது. குவளை மட்டும் இல்லை.

மறுநாள் அவள் அப்பா, வண்டி விற்கிற கடைக்காரர், நாலு பேரோடு வந்து தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்ல நாங்களே அவமேல கை வெச்சதில்ல. வருஷத்துல பாதி நாள் லீவு, மீதி நாளு புள்ளைங்கள அடிக்கறதா?" என்றார். நடந்ததைச் சொன்னேன், யார் காதிலும் ஏறவில்லை. அந்தப் பெண்ணையே கேட்டேன், நீயே சொல்லும்மா, கீழே இருந்த குவளையில் என்ன இருந்தது என்று. அவள் அப்பா முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள், "ஞாபகம் இல்ல டீச்சர்" என்றாள். உண்மை தெரிந்த நாற்பத்தொரு பிள்ளைகள் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

"நாலு வரி எழுதிக் குடுத்துருங்க டீச்சர், பெரிசாக்க வேணாம்" என்றார் தலைமையாசிரியர். கையைப் பிடித்து இழுத்ததற்கு வருந்துகிறேன் என்று எழுதினேன். அவர் சிவப்பு மையால் அதை அடித்து, மாணவியைத் தாக்கியதற்கு என்று மாற்றிக் கொடுத்தார். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் எழுதியதைத் திருத்திய கை, அவர் திருத்தியதைப் பார்த்து எழுதிக் கையெழுத்தும் போட்டது. ஆசிரியர் அறைக்கு வந்தேன். எல்லாரும் அவரவர் டீயில் எறும்பு தேடுகிற மாதிரி குனிந்திருந்தார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன், போன வருஷம் உடற்கல்வி ஆசிரியருக்கு இதே கதி வந்தபோது நானும் குனிந்துதான் இருந்தேன். மருந்துக் கடையில் அப்பாவுக்குத் தைலம் வாங்கப் போனால் கடைக்காரன், என்னிடம் படித்தவன்தான், "இன்னிக்கு யாரு டீச்சர் மாட்டுனா?" என்று பல்லைக் காட்டுகிறான். வெந்த புண்ணில் வேல்.

அதற்குப் பிறகு ஆய்வகத்தைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். இப்போது எல்லாச் சோதனையும் கரும்பலகையில் படம்தான். எது என்ன நிறமாக மாறும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். சத்தம் இல்லை, புகார் இல்லை. பார்வையிட வந்த அதிகாரி ரொம்ப அமைதியான வகுப்பு என்று குறிப்பேட்டில் பாராட்டியே எழுதிவிட்டுப் போனார்.

முந்தாநாள் மணி அடித்த பிறகு அந்தப் பெண் கதவோரம் தயங்கித் தயங்கி நின்றாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "லேப் எப்ப டீச்சர் திறப்பீங்க?" என்றாள். அந்த வகுப்பிலேயே அதற்காக ஏங்குகிறவள் அவள் ஒருத்திதான், எனக்குத் தெரியும். "படத்துல பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தபோது மனசுக்குள் சின்னதாக ஒரு திருப்தி வந்தது பாப்பா. பதினாலு வயதுப் பிள்ளையிடம். கத்தினதற்கு நான் வெட்கப்படவே இல்லை, இதற்குத்தான் வெட்கப்படுகிறேன். இதை வீடியோ எடுக்க யாரும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிர் காலத்துக்குக் கனமான போர்வை வாங்கிக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு நான் அந்தப் பெண்ணிடம் சொன்னது தெரியாது, பேசும்போது வாய்தவறிச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா