மூன்றில் நிற்கும் வால்வு

அக்டோபர் 16

குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக்கும் வெந்நீரை நேற்றுக் கட்டடத்துக்குத் திறந்துவிட்டார்கள். குழாய்களில் கடகடவென்று சத்தம். மரப்பெட்டியின் சிறு கதவு வழியாக ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கோடையில் குடியிருப்புச் சங்கத்து ஆட்கள் பழைய திருகைக் கழற்றிவிட்டு, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட புது வால்வைப் பொருத்திப் போனார்கள். ஐந்தில் வைத்தேன். அறையில் பதினாறு டிகிரி.

அக்டோபர் 19

பதினாறு.

மகன் லெஷெக் போன் செய்தான். "போன வருஷம் நிமோனியா வந்தது மறந்துபோச்சாம்மா? கிறிஸ்துமஸுக்கு வருவேன். அப்பவும் வீடு இப்படியே கிடந்தா, கன்னியர் நடத்துற முதியோர் இல்லந்தான். இடம் கேட்டு வச்சிருக்கேன்."

கேட்டு வைத்திருக்கிறானாம்! நாற்பத்தொரு வருடம் நான் வாழ்ந்த வீடு. என் கணவர் டியோஃபில் கண்மூடிய வீடு. யாரைக் கேட்டு இடம் கேட்டான்?

அக்டோபர் 22

காரணம் தெரிந்துவிட்டது. கீழ்வீட்டு ஹியெரோனிம். இந்தக் குளிரில் ஜன்னலை அகலத் திறந்து, பனியனோடு நின்று புகைபிடிக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். அவருக்கு மட்டும் அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்?

அவர் சூட்டைத் திருடுகிறார், வீட்டைச் சோதியுங்கள் என்று சங்கத்துக்குக் கடிதம் எழுதிப் போட்டேன். இரண்டு பக்கம். ஒரு அடித்தல் இல்லை.

நவம்பர் 1

டியோஃபிலின் கல்லறையில் சாமந்தியும் மூன்று விளக்கும் வைத்தேன். ஒன்று காற்றில் அணைந்தது. திரும்பி வந்தால் வீட்டில் பதினைந்தரை. கோட்டைக் கழற்றவில்லை.

நவம்பர் 9

மாடிப்படியில் மூன்று முறை தும்மினேன். ஹியெரோனிம் நிமிர்ந்து பார்த்து, வழக்கம்போல 'பானி' என்று மரியாதை போட்டே கேட்டார். "என்ன பானி செவெரினா, வீட்டுக்குள்ளயும் கம்பளிக் கோட்டா? பட்டாளத்துல சேரப்போறீங்களா?" வீடு சூடாகவில்லை என்றேன். கூப்பிடாமலேயே பின்னால் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றினார். காலுறையில் ஓட்டை.

நகரத்து வெந்நீர் நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவராம். இருபது வருடமாகக் கீழே இருக்கிறார். நான் கேட்டதில்லை.

வால்வைப் பார்த்துச் சிரித்தார். "அஞ்சுல வச்சிருக்கீங்க! இது தண்ணிக்குழாயா, நிறையத் திறந்தா நிறைய ஊத்த? அறை எவ்வளவு சூடா இருக்கணும்னு நீங்க சொல்ற கணக்கு இது. மூணுன்னா இருபது டிகிரி. இந்த வால்வுத் தலைக்குள்ள மெழுகு இருக்கு. சுத்தியிருக்கிற காத்து சூடானா வீங்கி ஊசியை அழுத்தும், தண்ணி நிக்கும். ஆறினா சுருங்கும், தண்ணி வரும்."

"அப்புறம் ஏன் குளிருகிறது?"

ரேடியேட்டரை வால்வோடு சேர்த்து மூடியிருக்கும் ஓக்மரப் பெட்டியைத் தட்டினார். "பாவம், அது உங்களைப் பாக்கலை. இதுக்குள்ள இருக்கிற காத்தைத்தான் பாக்குது. பெட்டிக்குள்ள ஜூலை மாசக் கோடை. வெளியில நீங்க. இதைக் கழட்டணும்."

"என் கணவர் செய்தது."

"அருமையான வேலை. ஆனா வால்வுக்கு அது தெரியாதே."

வாசலைக் காட்டினேன். போய்விட்டார்.

நவம்பர் 14

டியோஃபிலின் திருப்புளியால் நானே கழற்றினேன். நாலு திருகாணி. உள்ளே பத்து வருடத் தூசி. பெட்டியைப் படுக்கையறைச் சுவரில் சாய்த்து வைத்தேன். வால்வை மூன்றில் வைத்தேன். சாயங்காலம் பதினெட்டு.

நவம்பர் 15

இருபது!

மதியம் ரேடியேட்டர் சில்லிட்டுப் போயிற்று. பழுதாகிவிட்டதோ? பிறகு நினைவு வந்தது — அறைக்குப் போதும் என்று மூடிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் தானாகவே சூடாயிற்று.

அப்படியானால் யாரும் எதையும் திருடவில்லை.

கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும். செய்த தவற்றைப் பொழுது சாயும் முன் சொல்லிவிட வேண்டும் என்பார் பள்ளியில் சகோதரி பெனிக்னா. உட்கார்ந்தேன். 'நான் தவறாக' என்று எழுதினேன். கிழித்துப் போட்டேன்.

நவம்பர் 21

ஆப்பிள் கேக் செய்து அவர் வாசலில் வைத்துவிட்டு ஏறி வந்தேன். கீழிருந்து குரல்: "கேக் பிரமாதம்! பெட்டியைக் கழட்டிட்டீங்க போல?"

"தூசி தட்டக் கழற்றினேன்" என்றேன்.

நவம்பர் 30

புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டேன். நாலே வரி. உறையில் போட்டு ஒட்டி, ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தாயிற்று. நாளை தபாலில் சேர்க்க வேண்டும்.

டிசம்பர் 1

பனி. வெளியே போகவில்லை.

டிசம்பர் 2

பனி நின்றுவிட்டது. போகவில்லை.

டிசம்பர் 3

சங்கத்து ஆட்கள் வந்தார்கள். என் கடிதத்தோடு. ஹியெரோனிமின் ரேடியேட்டரில் ஒரு குறையும் இல்லையாம். ஆனால் அடுப்பில் வெறும் பாத்திரம் கரிந்துகொண்டிருந்ததாம். எப்போது பற்றவைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. க்தான்ஸ்க் நகரத்தில் இருக்கும் அவர் மகளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தெரியாதே. எனக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 12

இனித் தனியாக விட முடியாதென்று மகள் வந்து அவரைக் கூட்டிப் போனாள். இரண்டு பெட்டிகள். என்னைப் பார்த்துப் படியில் நின்றார்.

"கேட்டீங்களா பானி செவெரினா? நான் சூட்டைத் திருடுறேன்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. முப்பது வருஷம் இந்த ஊருக்கே சூடு போட்டவன் நான்!" சிரிக்கத்தான் செய்தார். "சொந்த வீட்டை விட்டுப் போறது மட்டும் யாருக்கும் வரக்கூடாது."

"பத்திரமாகப் போய் வாருங்கள்" என்றேன்.

டிசம்பர் 24

லெஷெக் வந்தான். கோட்டைக் கழற்றும் முன்பே வெப்பமானியைப் பார்த்தான். இருபது. "சரிம்மா, இங்கேயே இருங்க. அப்பாவோட பெட்டியையா கழட்டினீங்க? நீங்களா?"

எதிர்பாராத விருந்தாளிக்கென்று வழக்கப்படி ஒரு தட்டு அதிகம் வைத்தேன். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பாடு என்பது மரபு; அதுவும் வந்தது. ரொட்டியைப் பிட்டுப் பகிர்ந்தோம். யாரும் தொடாத அந்தத் தட்டைக் கழுவாமல் அலமாரியில் வைத்தேன்.

ஜனவரி 11

வெளியே மைனஸ் பதினான்கு. ஒரு வாரமாகத் தரை சில்லென்று இருக்கிறது. இருபது வருடத்தில் இப்படி இருந்ததில்லை. இரண்டு காலுறை போட்டும் பாதம் மரத்துப் போகிறது.

கீழ்வீட்டில் எல்லா வால்வையும் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். இத்தனை வருடம் அவர் வீட்டுச் சூடுதான் என் தரைக்கு ஏறியிருக்கிறது.

நான் மூன்றை மாற்றவில்லை. காலையில் ஜெபப் புத்தகத்தைத் திறந்தேன். உறை உள்ளேயே இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் சத்தம். நான் தொடவில்லை, தானாகத் திறந்துகொண்டது. நாள் முழுவதும் ஓடுகிறது. இன்னும் நிற்கவில்லை.