நீ திறந்துவிட்ட குழாய்

நேற்று சினிமாவில் போட்டுக்கொள்ளக் கொடுத்த கறுப்புக் கண்ணாடி, என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. "தாத்தா சுட்டுகினு வந்துட்டாரு!" என்று பேரன் குதிக்கிறான். அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நம் மகள் எழுதுகிறாள்.

நாவலூரில் பொம்மைப் படம் பார்த்தோம். பேச்செல்லாம் இங்கிலீஷ், ஆனாலும் புரிந்தது. ஒரு சின்னப் பெண்ணின் கோபம், பயம், துக்கம் எல்லாம் மிருகங்களாக அவள் பின்னாலேயே திரிகின்றன. துக்கம் ஒரு நனைந்த கன்றுக்குட்டி. பெரியவளாகிவிட்டோம் என்று அவள் அதை ஓர் அறையில் தள்ளிப் பூட்டுகிறாள். அவள் வளர வளர, உள்ளே அதுவும் வளர்கிறது. கதவு பிதுங்கியபோது பக்கத்தில் நம் மகள் தேம்பித் தேம்பி அழுதாள். இரண்டு வருஷத்துக்கு முன் உன்னைப் பாடையில் தூக்கிய அன்றுகூட அழாதவள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அண்ணன் செத்தப்போ அம்மா ஏம்பா அழவே இல்ல? நான் செத்தாலும் இப்டித்தான் இருப்பாங்கன்னு நெனச்சிகினே வளந்தேன்."



பெரியவன் மூன்று நாள் காய்ச்சலில் போனபோது அவனுக்கு ஏழு வயது, இவளுக்கு நாலு. சுடுகாட்டிலிருந்து வந்ததும் உன்னிடம் சொன்னேன்: "பொண்ணு பயந்துக்கும். அது முன்னாடி அழாத. அவன் பேரையும் எடுக்காத." நீ தலையாட்டினாய். அதற்கப்புறம் தாம்பரம் வீட்டில் தினமும் குளியலறைக் குழாய் வெகுநேரம் திறந்தே கிடக்கும். எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கதவைத் தட்டுவேன்: "தண்ணி வீணா போவுது, இன்னா பண்ற உள்ள?" நீ முகம் துடைத்துக்கொண்டு வந்து, "தோ, சோறு போடறேன்" என்பாய்.

நேற்று அங்கேயே நின்று அவளிடம் எல்லாம் சொன்னேன். உங்கம்மா கல்மனசுக்காரி இல்லை, அப்படி ஆக்கினவன் நான்தான் என்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் வேறொன்று கேட்டாள்: "அண்ணன் என்னை எப்டிப்பா கூப்புடும்? பேர் சொல்லியா, செல்லமா ஏதாவதா?"

அவன் கடைசியாகப் போட்டிருந்த சட்டையில் எத்தனை பொத்தான் என்று சொல்வேன். அன்று வாசலில் வந்து நின்றவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் சொல்வேன். ஆனால் இது மட்டும் தெரியவில்லை. விடியுமுன் தண்டவாள வேலைக்குப் போய், பிள்ளைகள் தூங்கியபின் திரும்பியவன் நான். அவன் தங்கையைக் கூப்பிட்டது உன் காதில்தான் விழுந்திருக்கும். நாற்பது வருஷமாக அது உன் வாயிலேயே இருந்தது. நான்தான் அதை வெளியே வரவிடவில்லை.

இதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள். பேனாவைக் கீழே வைக்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.