தாய்மாமனுக்கு டிக்கெட் இல்லையாம்

பெருமுக்கல்,
மாசி 25, திங்கட்கிழமை.

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் அண்ணன் குடும்பமும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அதேபோல் இருக்க வேண்டும் என்று மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், இவ்வளவு கோபத்திலும் அதை மட்டும் முதலில் செய்தேன். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் குரலை உயர்த்தினால் உடனே பாப்பாவின் முகத்தைக் காட்டிவிடுகிறாய், அது ஆயா என்று கூப்பிட்டதும் நான் திட்ட வந்ததையெல்லாம் மறந்து கொஞ்சத் தொடங்கிவிடுகிறேன். காகிதத்தில் அந்த வேலை நடக்காது, நான் திட்டுவதைக் கடைசி வரைக்கும் நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும். சம்பா அறுத்து முடித்தாயிற்று, கடைசி நேரத்து மழையில் கொஞ்சம் நெல் கறுத்துவிட்டது. கிணற்றுமேட்டில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் கிடைக்காமல் நானே நாலு நாள் குனிந்து பிடுங்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது, தைலம் போட்டுக்கொண்டு நடமாடுகிறேன். உன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது பேப்பரில் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறார், அதுதான் வினையாகப் போயிற்று. சென்னையிலிருந்து தாய்லாந்தில் இருக்கிற புக்கெட் தீவுக்கு ஒரு மலிவு விமானக் கம்பெனி புதிதாக விமானம் விடப்போகிறது என்ற விளம்பரத்தை வீட்டில் அவர்தான் முதலில் பார்த்தார். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலும் நீலக் கடலும் தென்னை மரமும் போட்டுப் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். அதற்கு மறுவாரமே நீ அவர் போனுக்கு டிக்கெட் அனுப்பிவிட்டாய். நீங்கள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலிருந்து அங்கே வந்துவிடுவீர்களாம், நாங்கள் சென்னையிலிருந்து வர வேண்டுமாம், நடுவழியில் சந்தித்து நாலு நாள் ஒன்றாக இருக்கலாமாம், ஊருக்கு வந்து போகிற அலைச்சல் யாருக்கும் இல்லையாம். உன் அப்பா அதைப் பிரிண்ட் எடுத்து சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கே போய் முழங்கால் வரைக்கும் வருகிற பூப்போட்ட டவுசர் ஒன்று வாங்கி வந்தார். பக்கெட்டுக்குப் போகிறேன், பக்கெட்டுக்குப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார், பால் வாங்க வருகிறவள் தனக்கும் ரெண்டு பக்கெட் வாங்கி வரச் சொன்னாள். அறுபத்தாறு வயதில் அந்த டவுசரோடு கண்ணாடி முன்னால் நின்றவரைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பாப்பாவை ஐந்து மாதக் குழந்தையாகத் தூக்கியது, இரண்டு வருஷமாகக் கையால் தொடவில்லை.

பிறகுதான் நீ அடுத்த சேதியை அனுப்பினாய். பாப்பாவுக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் அங்கேயே கடற்கரையில் முடித்துவிடலாம், முடி எடுக்க ஹோட்டலிலேயே ஆள் இருக்கிறது, காது குத்த எதிர்ப்பக்கம் கடை இருக்கிறது, நீங்கள் சந்தனமும் விபூதியும் மட்டும் எடுத்து வாருங்கள், கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் போகக்கூடாது, பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும், சாப்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாய். நான் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். வேங்கடேசன், வீரம்மாள், அவ்வளவுதான். இன்னொரு தாள் கீழே விழுந்திருக்குமோ என்று சாமி மாடத்துக்கு அடியில்கூடத் தேடினேன். உன் அண்ணன் அறிவுச்செல்வனுக்கு டிக்கெட் இல்லை. தாய்மாமன் மடி இல்லாமல் நம் வீட்டில் எந்தக் குழந்தைக்கு மொட்டை போட்டோம், நீயே சொல். உனக்கு மொட்டை போட்டபோது என் தம்பி ராஜ்குமார் சம்மணம் போட்டு உட்கார்ந்தான், நீ அவன் புது வேட்டியை நனைத்துவிட்டாய், கத்தி முழுத் தலையையும் வழித்து முடிக்கிற வரைக்கும் அவன் அசையவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறான். தாய்மாமன் மடியை நான் அந்த ஏழு கிலோவில் எங்கே வைத்து எடுத்து வருவது?

கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "ஆஃபர்ல ரெண்டு சீட்டுதாம்மா கெடச்சுது, அதுக்குள்ள தீந்துபோச்சு" என்றாய். நான் நம்பினேன். நம்பியதால்தான் மறுநாளே இடுப்பு வலியோடு பஸ் ஏறித் திண்டிவனம் போய், டிக்கெட் போட்டுத் தருகிற அருணாவின் கடையில் உட்கார்ந்து, எங்கள் விமானத்திலேயே இன்னொரு சீட்டு வேண்டும், விலை கூடினாலும் பரவாயில்லை என்று கேட்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அதே ஆஃபர்ல எத்தினி வேணும் சொல்லுங்கக்கா, பாதி பிளேன் காலியாத்தான் கெடக்குது" என்றாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவள் எதிரில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பாஸ்போர்ட் இல்லை என்ற சாக்கும் உனக்குக் கிடையாது, பாப்பா பிறந்தபோது உன்னைப் பார்க்க வரலாம் என்று மூன்று பேருக்கும் சேர்த்துத்தானே விழுப்புரம் போய் எடுத்தோம், அவனுடையது ஒரு முத்திரைகூட விழாமல் பெட்டியில் கிடக்கிறது. சீட்டு போடட்டுமா என்று அருணா கேட்டாள், வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். காசு கொடுத்தால் விமானத்தில் இடம் கிடைக்கும், ஆனால் கூப்பிடாத இடத்துக்கு அவனை எப்படிக் கூட்டிக்கொண்டு வருவேன்? வேண்டாம் என்று நினைத்ததைக் கிடைக்கவில்லை என்று சொன்னாய், அதுவும் பெற்றவளிடம்.

எல்லாம் அந்த மீனம்பாக்கத்து விஷயம்தான் என்று எனக்குத் தெரியாதா? கைக்குழந்தையோடு முதல்முதலாக வருகிறாய் என்று உன் அண்ணன் அன்றைய வாடகைச் சவாரியை விட்டுவிட்டு, குட்டியானை வண்டியை இரண்டு தடவை கழுவி, பின்னால் மெத்தை விரித்து, வெயில் படாமல் தார்ப்பாய் கட்டி, பலூன்கூடக் கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்தான், நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் வந்தேன். பச்சைக் குழந்தையை லோடு வண்டியில் ஏற்றுவது ஆபத்து என்று நீ சொல்லியிருந்தால் அது நியாயம், நானே உன் பக்கம் பேசியிருப்பேன். நீ சொன்னது அதுவா? "மூட்டை ஏத்துற வண்டியில என்னை ஏத்திக்கினு போறியே, ஊர்ல சிரிக்கமாட்டாங்க?" என்று நாலு பேர் பார்க்கிற இடத்தில் கேட்டாய். மாப்பிள்ளை ஏறுவதற்கு ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டார், அவர் கையைப் பிடித்து இறக்கி டாக்ஸியில் ஏற்றினாய். பாப்பாவை வைத்துக்கொள்கிற ஆசையில் நானும் உன்னோடு ஏறிவிட்டேன், அது என் தப்பு, அதற்கு என்னையே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவன் காலி வண்டியைத் திண்டிவனம் வரைக்கும் நமக்குப் பின்னாலேயே ஓட்டி வந்தான். நீ ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். பாப்பா எட்டாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது மயிலத்தில் அதற்கு முடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டது நான், அதற்காக இங்கிருந்து மயிலம் வரைக்கும் செருப்பில்லாமல் நடந்து போனது அவன். உனக்குச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான், அந்தச் சத்தியத்தை இன்றைக்கு முறித்துவிட்டேன்.

இந்த மொட்டைச் சேதியை அவன் காதுக்குப் போகாமல் மறைத்துவிடலாம் என்றிருந்தேன். உன் அப்பாவுக்கு வாய் நிற்குமா? போன வாரம் மல்லாட்டை மூட்டை ஏற்ற அவன் வந்தபோது ஜன்னல் ஓர சீட்டு, கடற்கரை, ஹோட்டலில் மொட்டை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவன் தோளில் இருந்த மூட்டையை இறக்காமலே கேட்டுக்கொண்டு நின்றான். எனக்குத் தாங்காமல் உன்னை நாலு வார்த்தை திட்டினேன். அதற்கு அவன், "உடும்மா, அம்மாந் தூரத்துல இருக்கிறவளைப் போய்த் திட்டிக்கினு. நான் வந்தா மாப்ள மூஞ்சி குடுத்துப் பேசமாட்டாரு, நடுவுல அவளுக்குத்தான் பேஜாரு. மடி எங்கியும் போயிடாது, எப்ப வேணா வரட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கேட்டாயா? இன்றைக்கும் அவன் மாப்பிள்ளைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். உன்னைத் தப்பாக நினைக்க அவனுக்கு வரவில்லை, அந்த வேலையை நான்தான் அவனுக்கும் சேர்த்துச் செய்கிறேன். பாப்பாவுக்கென்று செய்து வைத்த கம்மலை மாதம் ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைக்கிறானாம், உன் அண்ணி அஸ்வினி சொன்னாள்.

அதனால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வரவில்லை. உன் அப்பா ஒரு நாள் முழுதும் என்னோடு பேசாமல் இருந்தார், பிறகு அவரே டவுசரை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, நான் சொல்வதுதான் சரி என்றார், அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ரத்து செய்தால் பணம் திரும்பி வராது, பேரும் மாற்ற முடியாது என்று அருணா சொன்னாள், போகட்டும், அந்த இரண்டு சீட்டும் காலியாகவே பறக்கட்டும். எதை விடுகிறேன் என்று தெரிந்துதான் விடுகிறேன். நாலு நாளும் பாப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டிருப்பேன், அது ஓடி ஆடுவதை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. அதையே விடுகிறேன் என்றால் என் மனசு எவ்வளவு கொதித்திருக்கும் என்று நீயே கணக்குப் பண்ணிக்கொள். நீங்கள் மூன்று பேரும் போய்க் கடலில் ஆடிவிட்டு வாருங்கள், நான் தடுக்கவில்லை, ஆனால் பாப்பா தலையில் அங்கே கத்தி படக்கூடாது. படவே கூடாது. ஐப்பசியில் அதற்கு மூன்று வயது முடிகிறது, அதற்குள் ஊருக்கு வந்து உன் அண்ணன் மடியில் உட்காரவை. வர முடியாதென்றால் முடி வளரட்டும், இடுப்பு வரைக்கும் வளர்ந்தாலும் பரவாயில்லை, பின்னிவிடு. அந்தத் தீவில் பாப்பாவை அலைக்குக் கிட்டே விடாதே, வெயிலில் தொப்பி இல்லாமல் தூக்கிப் போகாதே, கடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுக்காதே. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடமும் முழுதாகப் படிக்கக் கொடு, மறைக்காதே, அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இவ்வளவு திட்டியும் ஆசீர்வாதத்தில் மட்டும் குறை வைக்க எனக்குத் தெரியவில்லை. நீயும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நெடுங்காலம் வாழ வேண்டும், பாப்பாவுக்கு ஒரு தும்மல்கூட வராமல் முருகன் காக்க வேண்டும்.

மறந்துவிடாமல் ஒன்று செய். இதைப் படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடாதே, அண்ணனைக் கூப்பிடு. உன்னிடம் இருக்கிற நம்பரில் அவன் கிடைக்கமாட்டான், மாற்றி எட்டு மாதம் ஆகிறது. அது உனக்குத் தெரிந்திருக்காது என்று எனக்குத் தெரியும். புது நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா,
வே. வீரம்மாள்