காப்பு கட்டிய ஊர்

சேக்காடு
8-7-1987

அன்புள்ள அத்தானுக்கு,

கஸ்தூரி எழுதுவது. நானும் வயிற்றில் இருப்பதும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில் பாதிதான் உண்மை. உள்ளே இருப்பது நன்றாக உதைக்கிறது. எனக்குத்தான் கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏற மாட்டேன் என்கிறது. அம்பத்தூர் டாக்டரம்மா ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று உப்பைக் குறைக்கச் சொன்னார். அத்தை எனக்கென்று தனியாக உப்பில்லாத குழம்பு வைக்கிறார். வாயில் வைக்க முடியவில்லை. அவர் முகத்துக்காகச் சாப்பிடுகிறேன்.

கல்யாணமாகி இரண்டே மாதத்தில் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டீர்கள், அதனால் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மாமாவுக்கு எழுதுங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? ஆனியில் உங்கள் பங்காளி வீட்டுத் துக்கம் என்று வளைகாப்பைத் தள்ளினார். ஆடியில் கூடாது என்று மறுபடியும் தள்ளினார். இப்போது 31ஆம் தேதி வெள்ளிக்கிழமை எல்லையம்மனுக்குக் காப்பு கட்டப்போகிறார்கள். கட்டிவிட்டால் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ஊருக்குள் இருப்பவர்கள் யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாதாமே. தர்மகர்த்தா வீட்டார் காப்பு கட்டும்போதே ஊருக்குள் இருக்க வேண்டும் என்று மாமா பிடித்து வைக்கிறார், நான் அதற்கு முன்பே போய்விட வேண்டும்.

மாமாவிடம் நானே கேட்டேன், அத்தான். "இந்த ஊர் நிலத்தை எடுத்துத்தானே எங்கள் ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் கட்டினார்கள்? அந்தக் காலத்தில் அம்மன் ஊர்வலம் எங்கள் பிளாக் இருக்கும் இடம்வரை போகும் என்று அத்தை சொன்னார்களே, அப்படியானால் அம்மா வீடும் எல்லைக்குள்தானே?" என்றேன். "ஊர்வலத்துல அம்மன் எங்க திரும்புறாளோ அதான் எல்ல. இப்ப காம்பவுண்டு செவுத்தாண்ட திரும்புறா" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். சர்க்கார் சுவர் எழுப்பினால் அம்மனின் எல்லை நகருமாம். பிள்ளைத்தாய்ச்சி கேட்டால் நகராதாம்.

உங்கள் வீட்டு வழக்கத்தைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். குவார்ட்டர்ஸில் வளர்ந்த எங்களுக்கு இது புதிது. எங்கள் பிளாக்கில் எட்டு வீடு, எட்டு ஜில்லா. எல்லோரும் சாமியை ஊரிலே விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர்கள். எங்கள் அப்பா திருநெல்வேலியில் எங்கள் சாஸ்தா கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, குவார்ட்டர்ஸ் பின்பக்கம் போட்டுப் பொங்கல் வைக்கிறார். பிடிமண் வந்தால் சாமியும் கூடவே வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உங்கள் அம்மன் இடம்விட்டு நகர மாட்டாள். எங்கள் சாமி ரயில் ஏறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கடிதம் வர நாளாகும். தந்தி கொடுங்கள். "அனுப்புங்கள்" என்று ஒரு வார்த்தை போதும்.

உங்கள் அன்பு மனைவி
கஸ்தூரி


துபாய்
19-7-1987

என் பிரியமுள்ள கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அறையில் கூட இருக்கும் ஆம்பூர் காதர் பாய், "என்னப்பா, வீட்டில் விசேஷமா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். இங்கே வெயில் ஆளைப் பொரிக்கிறது. மத்தியானத்தில் இரும்பைத் தொட முடியவில்லை.

தந்தி கொடுக்கலாம் என்றுதான் போஸ்டாபீஸ்வரை போனேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். நீ ராஜம்மா அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். எனக்கு ஏழு வயது இருக்கும். அக்கா முழுகாமல் நம் வீட்டில் இருந்தபோது காப்பு கட்டியிருந்தார்கள். இடையில் அவளைப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டு போனார்கள். எல்லைக்கல் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் உன்னைப் பிடித்து வைப்பது பிடிவாதத்தால் அல்ல, கஸ்தூரி. பயத்தால்.

எனக்கும் பயம்தான். கடல் தாண்டி வந்தவன், இருந்தாலும் அம்மன் குங்குமம் என் பெட்டியில் இருக்கிறது. நான் ஒன்று சொல்லி, உனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிட்டால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்? பத்து நாள்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு இரு. டாக்டர் சொன்னபடி உப்பைக் குறை. காப்பு அவிழ்த்த மறுநாளே அம்மா உன்னைக் கொண்டுபோய் விடுவார்கள்.

அன்புடன்
மனோகரன்


சேக்காடு
29-7-1987

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் நேற்று வந்தது. தந்தி கேட்டேன், கடிதம் அனுப்பினீர்கள். அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் முகத்தில் எப்படி விழிப்பீர்கள் என்று யோசித்தீர்களா? கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனோம். தலைவலியையும் கண்ணில் பூச்சி பறப்பதையும் சொன்னேன். அவர் அத்தையைத் தனியாகக் கூப்பிடவில்லை, என் எதிரிலேயே சொன்னார். எந்த நேரமும் வலிப்பு வரலாம், வந்தால் இரண்டு உயிருக்கும் உத்தரவாதம் இல்லை, உடனே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்றார். அத்தை வீட்டுக்கு வந்து அதை அப்படியே மாமாவிடம் சொன்னார். மாமா சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து, "மருத்துவச்சிய வரச் சொல்லிக்கீறேன். இங்கியே பாத்துக்கலாம்" என்றார்.

அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். சம்பந்தி வீட்டில் குரலை உயர்த்தக் கூடாது என்று அப்பா கைகட்டிக்கொண்டு நின்றார். "எங்கள் மாப்பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் கூட்டிப்போகிறோம்" என்றார். "அவன் சொல்லட்டும்" என்று மாமாவும் சொல்லிவிட்டார். கேட்டீர்களா, அத்தான்? எல்லோரும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.

ஆட்டோக்கார எத்திராஜின் தம்பி நாளைக்குப் பம்பாய் வழியாகத் துபாய் வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இது உங்கள் கைக்கு வரும்போது ஊரில் காப்பு கட்டியிருப்பார்கள். பரவாயில்லை. கட்டிய பிறகும் நீங்கள் சொன்னால் போவேன். எனக்குப் பயமாக இருக்கிறது. செத்துப்போவேனோ என்று பயமாக இருக்கிறது. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

உங்கள் அன்பு மனைவி
கஸ்தூரி


அம்பத்தூர்
12-8-1987

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறது. 4ஆம் தேதி காலை, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடை குறைவு, குரலுக்குக் குறைவில்லை. இந்தச் செய்தியை அப்பா தந்தியில் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன். இரண்டு நாளாகத்தான் எழுந்து உட்கார விடுகிறார்கள்.

உங்கள் தந்தி 3ஆம் தேதி மத்தியானம் வந்தது. மாமா பெயருக்கு வந்திருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் மாமா அதை என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். "கஸ்தூரி ஆஸ்பத்திரி போகலாமா, உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள்." நான் மாற்றிப் படித்திருக்கலாம். "அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாருக்குத் தெரியப்போகிறது? நாக்குவரை வந்தது. நீங்கள் சொல்லாத வார்த்தையை உங்கள் பெயரில் நானே சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை. உள்ளது உள்ளபடி படித்தேன்.

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தைதான் அடுப்படியிலிருந்து வந்தார். கையில் மஞ்சள் காப்பு கட்டியிருந்தது, தர்மகர்த்தா பெண்டாட்டி அல்லவா? தந்தியை என் கையிலிருந்து வாங்கி மாமாவின் மடியில் போட்டார்.

"அவனும் சொல்ல மாட்டான், நீயும் சொல்ல மாட்ட. நான் சொல்றேன். இந்தப் பொண்ண இட்டுகினு போறேன்."

"நாகம்மா, காப்பு கட்டிகினு கீற நீ."

"கட்டிகினுதான் கீறேன். அன்னிக்கும் கட்டிகினுதான் இருந்தேன்."

எத்திராஜின் ஆட்டோ வந்தது. அத்தை என்னை ஏற்றிவிட்டு, நேரே கோயிலுக்கு விடச் சொன்னார். அம்மன் முன்னால் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து என் முந்தானையில் முடிந்தார். "உங்க அப்பாரு பண்றாரே, அதான். அம்மா நம்ம கூட வர்றா. அவ கீற எடந்தான் எல்ல" என்றார். பிறகு எல்லைக்கல்லைத் தாண்டும்போது என் கையை அவர் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

பாதி வழியில்தான் சொன்னார். ராஜம்மாவுக்கு முதல் நாள் காலையிலேயே வலிப்பு வந்ததாம். காப்பு கட்டியிருக்கிறது என்று ஒரு பகல், ஒரு ராத்திரி வீட்டிலேயே வைத்திருந்தார்களாம். மறுநாள் நாடி அடங்கும்போதுதான் வண்டி பூட்டினார்களாம். "அவ எல்லயத் தாண்டினதால சாவல, கஸ்தூரி. தாண்ட உடாததால செத்தா. ஊரு வேற மாரி சொல்லிச்சு. நானும் வாய மூடிகினு இருந்துட்டேன்" என்றார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் எனக்கு வலிப்பு வந்ததாம். எனக்கு எதுவும் நினைவில்லை. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

அத்தை அன்றிலிருந்து என்னோடுதான் இருக்கிறார். காப்பு அவிழ்க்கக்கூட ஊருக்குப் போகவில்லை. மாமா இதுவரை வரவில்லை.

கஸ்தூரி


துபாய்
22-8-1987

என் உயிரான கஸ்தூரிக்கு,

காதர் பாய் அறை முழுக்க மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அவர் நீ பிழைத்ததற்காக வெள்ளிக்கிழமை தொழுகையில் துஆ செய்ததாகச் சொன்னார். நான் அழுதுவிட்டேன்.

தந்தி விஷயத்தில் உனக்கு வருத்தம் என்று தெரிகிறது. எத்திராஜின் தம்பி உன் கடிதத்தைக் கொடுத்ததும் வேலையை விட்டுவிட்டு ஓடினேன். அப்பாவை மீறி நீ போய்விட்டால் பிறகு அந்த வீட்டில் உனக்கு மரியாதை இருக்காதே என்றுதான் அவர் பெயருக்குத் தந்தி அடித்தேன். உன் நன்மைக்காகத்தான். கடவுள் புண்ணியத்தில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நடந்ததை விடு.

அப்பாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, மூன்றாம் மாதம் நீ சேக்காட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறேன். அவர் சொல்கிறபடி செய். குழந்தைக்குச் செயின் வாங்கியிருக்கிறேன், ஆள் வரும்போது அனுப்புகிறேன்.

அன்பு முத்தங்களுடன்
மனோகரன்


குவார்ட்டர்ஸ், ஆவடி
5-9-1987

அத்தானுக்கு,

உங்கள் கடிதமும் மாமாவுக்கு எழுதிய கடிதமும் ஒரே நாளில் வந்தன. அவருக்கு எழுதியதை அவரே எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். ஆமாம், மாமா வந்தார். எங்கள் பிளாக் எது என்று தெரியாமல் நாலு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, சட்டை நனைந்துபோய் வாசலில் நின்றார். அத்தை எழுந்து உள்ளே போய்விட்டார்.

"கொயந்தய ஒரு தபா குடும்மா" என்றார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் முகத்தைத் தடவினார். பிறகு, "ராஜம்மா மாரியே கீது" என்றார். சொல்லிவிட்டு உடைந்துபோனார். அந்தப் பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அத்தை உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அதுவரை அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பெயர் ராஜம்மாவா என்று அப்பா கேட்டார். "வாணாம், வாணாம்" என்று மாமா பதறினார். "அவ அம்மாதான் வைக்கணும்" என்று என்னைப் பார்த்தார். நான் பூங்காவனம் என்று வைத்திருக்கிறேன். இது அத்தையின் அம்மா பெயர். எனக்குப் பிடித்திருந்தது, யாரையும் கேட்கவில்லை.

போகும்போது உங்கள் கடிதத்தை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன். கேட்டுவிட்டு அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்மா, எனுக்கு ஒரு பொண்ணு செத்துச்சு, நான் பயந்தேன். அது என் தலயெழுத்து. இவன் பொண்டாட்டி சாவக் கெடக்கசொல்ல இவன் ஏன் என்னக் கேட்டான்?"

உங்களுக்காகப் பேசலாம் என்று வாயெடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன், அத்தான். உங்களை வெறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். வெறுத்திருந்தால் இவ்வளவு வலிக்காது. பிள்ளைக்கு உங்கள் மூக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் இளகுகிறது, உடனே அந்தத் தந்தியும் நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் மாதம் நான் சேக்காட்டுக்கு வரப்போவதில்லை. அத்தை ஊருக்கே திரும்பிவிட்டார், மாமாவுக்குச் சமைக்க ஆளில்லையாம். நான் இங்கேதான் இருப்பேன். நீங்கள் வந்தால் கதவு திறந்திருக்கும், ஆனால் மாமா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு வாருங்கள். நன்றாக யோசித்து, உங்கள் மனதில் இருப்பதை எழுதுங்கள். காதர் பாயைக் கேட்க வேண்டாம், உங்கள் அப்பாவைக் கேட்க வேண்டாம்.

எனக்கு எழுதுங்கள்.

கஸ்தூரி